களிமண்ணில் பின்னிய நீத்துப்பெட்டி

1

கிர்ஸ்தன் தொலைபேசியில் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். எங்கள் பட்டணத்து மாலைப் பாடசாலையில் மண்பாண்ட வகுப்பு நடத்துபவர் அவர். புதிதாக ஆட்கள் சேர்கிறார்கள், தட்டுகளை வெறுமையாக்க வேண்டியிருக்கிறது, உங்கள் மனைவி செய்தவை இன்னும் மேல்தட்டில் அப்படியே இருக்கின்றன, இவ்வளவு நாளும் தொட மனம் வரவில்லை என்றார்.

என் மனைவி தவம் போய்ப் பதினொரு மாதம். வருட முடிவில் செய்கிற ஆட்டைத் திவசத்துக்கு ஐயரிடம் நாள் கேட்டு, அதைக் குசினிக் கலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்த வாரம் அது.

நான் இருப்பது டென்மார்க்கில், யூட்லாந்துப் பக்கத்துச் சிறிய துறைமுகப் பட்டணம் ஒன்றில். முப்பத்தெட்டு வருடமாக இங்கேதான். முதலில் மீன் தொழிற்சாலை, பிறகு பள்ளிக்கூடக் கட்டடப் பராமரிப்பு, இப்போது ஓய்வு. ஊரில், யாழ்ப்பாணத்துத் தீவுகளில், எனக்கு வேலணை, தவத்துக்கு நயினாதீவு. எங்களுக்கு ஒரே பிள்ளை, நிரூபா. கோப்பன்ஹேகனில் ஒரு வைத்தியசாலையில் உடற்பயிற்சிச் சிகிச்சை செய்கிறாள். தாய் செய்ததை எடுக்கப் போகிறேன் என்றதும் அடுத்த ரெயிலில் வந்துவிட்டாள்.

வகுப்பறையில் ஒருவரும் இல்லை. கிர்ஸ்தன் ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். நான் வாங்கி மேசையில் வைத்தேன். பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, அரிசி புடைக்கிற சுளகு, மூடற்பெட்டி, கூழ் குடிக்கிற பிளா. ஊரில் பனையோலையில் செய்கிற எல்லாம் இங்கே மண்ணில். ஓலையின் கோடுகள்கூட அப்படியே. சாம்பல் கலந்த வெள்ளை நிறம். நீத்துப்பெட்டியைக் கையில் தூக்கினால் ஓலை போலவே இருந்தது, பாரத்தைத் தவிர.

நிரூபா மூடற்பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் கூர்க்குச்சியால் ஓர் எழுத்து கீறியிருந்தது. வகுப்பில் எல்லோரும் தங்கள் பெயரின் முதல் எழுத்தைக் கீறுவது வழக்கம்.

"அப்பா, இது அம்மான்ரை பேரோ?"

அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை எட்டு வயதில் விட்டவள்.

"ஓம்" என்றேன்.

அது 'த' அல்ல. 'ப'. பரமேஸ்வரி. தவத்தின் அக்கா. எல்லாவற்றின் அடியிலும் அந்த எழுத்துத்தான் இருந்தது. தவம் வகுப்புக்குப் போன எட்டு வருடத்தில் பெரும்பகுதியும் அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்ற பயம்.

2

இந்தக் கதையை எழுதுவதென்றால் என்னைப் பற்றி நல்லபடி எழுத முடியாது.

தவத்தின் தகப்பன் தெற்கே ஒரு பட்டணத்தில் கடை வைத்திருந்தவர். கலவரத்தில் கடை எரிந்தது. உடுத்த வேட்டியோடு தீவுக்குத் திரும்பி வந்தவர் அடுத்த வருடமே காலமானார். தாயும் இரண்டு பெண்களும் மிச்சம். மூத்தவள் ஓலைப்பெட்டி பின்னி வீட்டைப் பார்த்தாள். இளையவளைப் படிக்க வைத்தாள்.

நான் அப்போது டென்மார்க்கில் அகதி. அகதி அட்டை கைக்கு வந்த கையோடு என் அம்மா பெண் பார்க்கத் தொடங்கினா. சம்பந்தம் பேசியது மூத்தவளுக்கு. சாதகம் பொருந்தியது. கூறைச்சேலைக்கு என்ன நிறம் என்பது வரை பேச்சு முடிந்துவிட்டது. இதெல்லாம் எனக்குக் கடிதத்தில் வந்தது. அதோடு ஒரு படமும் வந்தது.

யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோ ஒன்றில் எடுத்த படம். இரண்டு பெண்கள் சேர்ந்து நின்றார்கள். தனியே நின்று படம் எடுக்க மூத்தவளுக்குக் கூச்சம். கூட வந்த தங்கையை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திவிட்டாள். தவம் பின்னாளில் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

நான் அந்தப் படத்தை அகதி முகாமின் இரட்டைத்தட்டுக் கட்டிலில் இருந்து பார்த்தேன். எனக்கு இருபத்தாறு வயது. பெண்களின் தாய்க்கே நேரடியாகக் கடிதம் எழுதினேன். ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுவது நேர்மை என்று நினைத்தேன். 'வலப்பக்கம் நிற்பவரை எனக்குப் பிடித்திருக்கிறது. அவரென்றால் சம்மதம்.' அவ்வளவுதான் கடிதம்.

வலப்பக்கம் நின்றவள் தவம்.

அந்த வீட்டாருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஊரில் ஆண்பிள்ளைகள் குறைந்துகொண்டிருந்த காலம். வெளிநாட்டு மாப்பிள்ளை ஒருவன் வேண்டாம் என்று போனால் இன்னொருவன் வருவானா என்பது நிச்சயமில்லை. பரமேஸ்வரியே, "தவம் போகட்டும்" என்று சொன்னாளாம். தவத்துக்கும் எனக்கும் பொருத்தம் பார்க்கவே இல்லை. என் மனைவியின் நட்சத்திரம் எனக்குப் பல வருடம் தெரியாது. அக்காவின் நட்சத்திரம் தெரியும்.

பரமேஸ்வரி கலியாணம் செய்யவில்லை.

தவம் இங்கே வந்து மூன்று வருடம் இதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நிரூபா வயிற்றில் இருந்தபோது ஒருநாள், சட்டை மடித்துக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல் கேட்டாள்.

"அண்டைக்கு அக்கா என்னை இழுக்காமல் தனிய நிண்டிருந்தா, நீங்கள் ஓம் எண்டிருப்பியள் என்ன?"

"தெரியாது" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மீதியை மடித்தாள்.

3

இங்கே தவம் முதியோர் இல்லம் ஒன்றில் துப்புரவு வேலை செய்தாள். இருபத்திரண்டு வருடம். பிறகு நாரி, கீழ் முதுகு, போய்விட்டது. வாளி தூக்க ஏலாது, குனிய ஏலாது. அப்போது தொடங்கியது கடதாசி.

டென்மார்க்கில் ஒருவருக்கு வேலை செய்ய முடியவில்லை என்றால், முடியவில்லை என்பதை நகரசபைக்குப் பல மாதம் செய்து காட்ட வேண்டும். தவத்தின் கடதாசிகளை எல்லாம் நான்தான் நிரப்பினேன். 'எத்தனை நிமிடம் நிற்க முடியும், எத்தனை நிமிடம் கதிரையில் இருக்க முடியும், எத்தனை கிலோ தூக்க முடியும்?' அவளிடம் கேட்காமலேயே எழுதிவிடுவேன். கேட்டால் அவள் கூட்டித்தான் சொல்லுவாள்.

கடைசியில் ஓர் அலுவலர், கைகளுக்கு இலேசான வேலை கொடுத்துப் பார்ப்போம் என்று அவளை மண்பாண்ட வகுப்புக்கு அனுப்பினார். வாரம் இரண்டு நாள். எவ்வளவு நேரம் இருந்து வேலை செய்கிறாள் என்று கிர்ஸ்தன் குறித்து நகரசபைக்கு அனுப்ப வேண்டும். என் மனைவி மண்ணுக்குள் கை வைத்தது இப்படித்தான், ஒரு பரீட்சையாக.

முதல் மாதம் எல்லோரையும் போலக் கோப்பை செய்தாள். பிறகு ஒருநாள் களிமண்ணை அப்பளம் போலத் தட்டி, ஓலை வார்வது போல மெல்லிய கீலங்களாக வெட்டி, பின்னத் தொடங்கினாளாம். மண் பின்னுப்படாது, வெடிக்கும் என்றார் கிர்ஸ்தன். வெடித்தது. ஓலையை நனைத்து வைப்பது போல மண்கீலங்களை ஈரத்துணிக்குள் வைத்துப் பின்னினாள். நாலாவது தடவை ஒரு நீத்துப்பெட்டி நின்றது. சூளையை அவள் போறணை என்றுதான் சொல்லுவாள், பேக்கரியில் பாண் சுடுகிற மாதிரி. "போறணையாலை முழுசா வந்திட்டுது" என்று அன்று வாசலில் நின்று சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

அவள் செய்தது எதுவும் சந்தையில் வாங்குகிற பெட்டி மாதிரி இல்லை. பின்னல் எதிர்ப்பக்கமாக ஓடும். பரமேஸ்வரி இடக்கைக்காரி. அவள் பின்னினால் ஓலை அப்படித்தான் சாயும். தங்கை அதை மனதில் வைத்து, தன் வலக்கையைத் திருப்பித் திருப்பி அந்தச் சாய்வைக் கொண்டுவந்தாள்.

வருட முடிவில் பட்டணத்து நூலகத்தில் வகுப்பாரின் பொருட்களைக் காட்சிக்கு வைத்தார்கள். பக்கத்தில் ஒரு சிறு அட்டையில் விளக்கம் எழுத வேண்டும். தவம் சொன்னாள், "இது அக்கான்ரை இடக்கை வேலை எண்டு எழுதுங்கோ." நான் சொல்லுக்குச் சொல் டெனிஷில் எழுதிக் கொடுத்தேன். காட்சி தொடங்கி ஒரு மணித்தியாலம் ஆட்கள் அட்டையைப் படித்துவிட்டு வாயை மூடிச் சிரித்துக்கொண்டு போனார்கள். டெனிஷில் இடக்கை வேலை என்றால் அக்கறையில்லாமல் ஏனோதானோ என்று செய்து தள்ளிய வேலை. 'என் அக்காவின் அரைகுறை வேலை' என்று எழுதி வைத்திருந்தேன். கிர்ஸ்தன் வந்து அட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

தவத்துக்கு நான் விளங்கப்படுத்தினேன். அவள் சிரிக்கவில்லை. "அக்காவைப் பற்றி நீங்கள் எழுதினா இப்பிடித்தான்" என்றாள்.

அந்த முதல் நீத்துப்பெட்டியை அவள் அக்காவுக்கு அனுப்ப விரும்பினாள். சகோதரிகள் பேசாமல் விட்டு அப்போதே இருபத்தைந்து வருடத்துக்கு மேல். தொடக்கத்தில் தவம் எழுதிய கடிதங்களுக்குத் தாய்தான் ஆரையும் கொண்டு பதில் எழுதுவித்தா. தாய் போனபிறகு அதுவும் இல்லை. போர் முடிந்த பிறகு ஒருமுறை நாங்கள் ஊருக்குப் போனோம். நயினாதீவுக்குப் படகு எடுக்கிற குறிகட்டுவான் துறை வரைக்கும் தவம் வந்தாள். படகுகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு பின்னேரம் வரை நின்றாள். ஏறவில்லை. "அக்கா கதவைத் திறக்காட்டி நான் எங்கை போறது?" என்றாள். திரும்பி வந்தோம்.

பாசலை நான் கட்டினேன். சுங்கப் படிவத்தை நான் நிரப்பினேன். தபாற்கந்தோருக்கு நான் கொண்டுபோனேன். ஐந்து மாதம் கழித்து, 'பெறுநர் ஏற்க மறுத்தார்' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. உள்ளே நீத்துப்பெட்டி ஓட்டுத்துண்டுகளாகக் கிடந்தது.

தவம் அழவில்லை. துண்டுகளைக் கூட்டி ஒரு பையில் போட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போய் இன்னொன்று தொடங்கினாள். 'ப' கீறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

4

வருத்தம் என்று தெரிந்து மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்தது. கணையத்தில் வந்த புற்றுநோய்.

முடிவைச் சொல்லுகிற அன்று மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. நிரூபாதான் தாய்க்குச் சொல்ல வேண்டியிருந்தது. வைத்தியர் டெனிஷில் மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எனக்கு விளங்கியது. என்னால் வாய் திறக்க முடியவில்லை. என் மகள் தன்னிடம் இருந்த கொஞ்சத் தமிழை எல்லாம் தேடினாள்.

"அம்மா, உங்கடை வயித்துக்குள்ளை ஒரு கட்டி. பெரிசு. அது... அது போகாது."

தவம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "போகாட்டிப் பரவாயில்லை. கிடக்கட்டும் பிள்ளை."

நிரூபா வைத்தியரைப் பார்த்து டெனிஷில், "அம்மாவுக்கு விளங்கவில்லை. என்னிடம் அதற்குச் சொல் இல்லை" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாள். கதவுக்கு அப்பால் அவள் அழுவது கேட்டது.

தவம் என்னைப் பார்த்தாள். "எனக்கு விளங்கினது. பிள்ளை திண்டாடினவள் எல்லோ, அதுதான் அப்பிடிச் சொன்னனான்."

கடைசி வாரம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அங்கை வகுப்பிலை மேல்தட்டிலை இருக்கிறதெல்லாம் அக்கான்ரை. தபாலிலை அனுப்பாதேங்கோ. நீங்கள் கொண்டுபோய்க் கையிலை குடுக்கோணும்."

"ஓம்" என்றேன். பிறகு சாவுச் செய்தியை ஊராள் ஒருவர் மூலம் பரமேஸ்வரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, பதினொரு மாதம் வகுப்புப் பக்கமே போகாமல் இருந்தேன்.

5

கிர்ஸ்தன் கூப்பிட்டதுக்கு மூன்றாம் கிழமை நானும் நிரூபாவும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினோம். நிரூபா எல்லாவற்றையும் தாயின் நூல்சேலைகளில் சுற்றி, இடைவெளிகளில் கம்பளிக் காலுறைகளை அடைத்து, கையிலேயே கொண்டுவந்தாள். சுங்கத்தில் ஒருவர் பையைத் திறந்து பிளாவை எடுத்துப் பார்த்தார். விற்கவா என்று கேட்டார். பெரியம்மாவுக்கு என்று நிரூபா தமிழில் சொன்னாள். அவருக்கு விளங்கியதோ தெரியாது. மூடித் தந்தார்.

அடுத்தநாள் காலை யாழ்ப்பாணத்திலிருந்து வாடகை வாகனத்தில் புறப்பட்டோம். வேலணைக்குள் வந்ததும், "எங்கையும் நிப்பாட்டவோ?" என்று சாரதி கேட்டார். எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற ஒழுங்கை கடந்து போனது. வேண்டாம் என்றேன். சாட்டிக் கடற்கரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

படகில் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் விகாரைக்குப் போகிறவர்களும் நெருங்கி இருந்தார்கள். நிரூபா பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தாள்.

"பெரியம்மா ஏன் எங்களோடை கதைக்கிறேல்லை?"

"பழைய கோவம்."

"அம்மா என்ன செய்தவ?"

எஞ்சின் சத்தத்தில் கேட்காதவன் போல இருந்துவிட்டேன்.

பரமேஸ்வரியைத் தேட வேண்டியிருக்கவில்லை. துறையிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் பெட்டிக்கார அக்கா என்றால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காலையில் அங்கே கடை. மத்தியானம் வீட்டுக்குப் போய்விடுவா என்று ஒரு பூக்காரப் பெண் ஒழுங்கையைக் காட்டினாள். நான் எப்படியோ வறுமையில் ஒடுங்கிய ஒருத்தியைத்தான் மனதில் வைத்திருந்தேன். ஓடு போட்ட நல்ல வீடு. விறாந்தையில் வண்ண வண்ணமாக ஓலைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. பாயில் இருந்து ஒருத்தி பின்னிக்கொண்டிருந்தா. நரைத்த தலை, மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் கைத்தொலைபேசியை நிமிர்த்தி வைத்து, கொழும்பிலிருந்து ஆரோ கேட்ட கணக்குக்கு, "சித்திரைக்கு முதல் ஏலாது தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தா. ஓலையை மடித்தது இடக்கை.

முப்பத்தைந்து வருடமாக எனக்குத் தெரிந்த பெண். அன்றுதான் முதல்முறை நேரில் கண்டேன்.

அவ நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற நிரூபாவைப் பார்த்தா. தொலைபேசியை வைத்தா.

"தவத்தின்ரை நாடி" என்றா, அவளின் முகவாயைக் காட்டி. "வா பிள்ளை. இஞ்சை வந்து இரு."

நிரூபா போய்ப் பாயில் இருந்தாள். நான் நின்றேன். மச்சாள் என்று கூப்பிட வேண்டும். அதைச் சொல்லாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"கதிரை கிடக்கு. இரும்" என்றா என்னைப் பாராமலே.

நிரூபா சேலைகளை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பாயில் வைத்தாள். பரமேஸ்வரி நீத்துப்பெட்டியை எடுத்தா. பின்னல் மேலே விரல் ஓடியது. ஓரிடத்தில் நின்றது. மறுபடி ஓடியது.

"உதை ஆர் செய்தது?"

"அம்மா. எல்லாம் அம்மா செய்தவ. மண்."

"அவள் ஓலை பிடிச்சதே இல்லை. கை வெட்டிப்போடும், படிக்கிற பிள்ளை எண்டு நான் விடுறேல்லை. பக்கத்திலை புத்தகத்தோடை இருப்பாள். படிக்கிறாள் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். என்ரை கையை எல்லோ பாத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்." பெட்டியைக் கவிழ்த்தா. அடியைப் பார்த்தா. அடுத்ததைக் கவிழ்த்தா. அதற்கடுத்ததை. "உதேன் இந்த எழுத்து?"

"அது அம்மான்ரை பேர்" என்றாள் நிரூபா. "எல்லாரும் தங்கடை பேர் போடுறது."

"தவத்துக்கு இது இல்லைப் பிள்ளை." நிலத்தில் இருந்த ஓலைத்தூளில் விரலால் இரண்டு எழுத்து எழுதிக் காட்டினா. "இது 'த'. இது 'ப'. பரமேஸ்வரி. இது நான்."

என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்கள்."

பரமேஸ்வரிதான் பேசினா. இப்போது என்னைப் பார்த்துப் பேசினா.

"உதுக்கு முதல் ஒண்டு வந்தது. பாசல். அதுவும் இதுதானோ?"

"ஓம். முதல் செய்தது. நீங்கள் வேண்டாமெண்டு..."

"அது அவள் அனுப்பினதோ?"

"ஓம்."

"பாசலிலை உம்மடை பேர் எல்லோ கிடந்தது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு தபாற்கந்தோர் மேசையும், நூலில் கட்டியிருந்த பேனையும், 'அனுப்புநர்' என்ற கட்டமும் கண்ணுக்குள் வந்தன. டென்மார்க்கில் அவளுக்காக நூறு படிவம் நிரப்பிய கை. யோசிக்காமல் என் பெயரை எழுதியிருக்கிறேன். என் பெயரை மட்டும்.

"தபால்காரன் வாசலிலை நிண்டு உம்மடை பேரை வாசிச்சான். இவர் எனக்கு என்னத்துக்கு அனுப்புறார்? இத்தனை வருசத்துக்குப் பிறகு என்னத்தைத் தந்து தீக்கப் போறார்? கொண்டு போ எண்டிட்டன். தவத்தின்ரை பேர் ஒரு மூலையிலை இருந்திருந்தா விட்டிருப்பனோ? அவள் எழுதுறதை விட்டிட்டாள், வசதி வந்து என்னை மறந்திட்டாள் எண்டு நான் நினைச்சன்."

"அம்மா வந்தவ" என்றாள் நிரூபா. "போட் நிக்கிற இடம் மட்டும் வந்தவ. நீங்கள் கதவு திறக்க மாட்டியள் எண்டு பயம்."

பரமேஸ்வரி கண்ணாடியைக் கழற்றினா. "இந்த வீட்டுக் கதவு பகலிலை பூட்டுறதே இல்லைப் பிள்ளை" என்றா.

நான் அப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். "மச்சாள், நான் அண்டைக்கு எழுதின கடிதம்... அது பிழை. உங்கடை அம்மாவுக்கு அப்பிடி எழுதியிருக்கக் கூடாது."

"அம்மாவுக்கு எங்கை எழுத்துத் தெரியும்?" என்றா அவ. "வீட்டுக்கு வாற கடிதமெல்லாம் நான்தான் வாசிச்சுச் சொல்லுறது. உம்மடை கடிதத்தையும் நான்தான் வாசிச்சனான். அம்மா அடுப்படியிலை, தவம் கிணத்தடியிலை. சத்தமா வாசிச்சனான். அம்மா திருப்பி வாசி எண்டா. திருப்பியும் வாசிச்சனான்."

பரமேஸ்வரி கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டா.

நிரூபாவுக்கு எல்லாச் சொல்லும் விளங்கியிராது. விளங்க வேண்டியது விளங்கிவிட்டது. அவள் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் நகர்ந்து இருந்தாள். தாயின் கடைசி நாட்களைப் பற்றிப் பரமேஸ்வரி கேட்டா. சாப்பிட்டாளோ, நொந்ததோ, ஆர் குளிப்பாட்டினது. நிரூபா தெரிந்த தமிழில் சொன்னாள், தெரியாத இடத்தில் கையால் காட்டினாள். நான் மொழிபெயர்க்க வாய் எடுத்தேன். பரமேஸ்வரி கையை நீட்டித் தடுத்தா.

"அவள் சொல்லட்டும். எனக்கு விளங்குது."

பிறகு இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். நான் கதிரையில் இருந்து மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவிக்காக மனம்விட்டு அழுத இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அந்தப் பாயில் எனக்கு இடம் இல்லை.

பின்னேரம் பிட்டு அவித்தா. எனக்கும் தந்தா. குறை ஒன்றும் வைக்கவில்லை, கறி போதுமோ என்றுகூடக் கேட்டா. சாப்பிட்ட பிறகுதான் சொன்னா.

"வாற கிழமைதானே ஆட்டை. அதை நான் இஞ்சை செய்விக்கிறன். பிள்ளை நிக்கட்டும். நீர் உம்மடை இடத்திலை செய்யும்."

நிரூபாவைப் பார்த்தேன். "நான் நிக்கிறன் அப்பா" என்றாள். சிறுவயதில் தமிழில் கேட்டால் டெனிஷில்தான் பதில் சொல்லுவாள். அன்று அதைத் தமிழில் சொன்னாள்.

இரண்டு பேரும் துறை வரைக்கும் என்னோடு வந்தார்கள். ஆட்டை முடியாததால் கோயிலுக்குள் போகாமல் வெளியே நின்று கும்பிட்டேன். படகுக்காரர் ஆட்களைக் கூப்பிடத் தொடங்கினார். நிரூபா என்னை ஒருமுறை கட்டிப்பிடித்தாள். இலேசாக, வேலையிடத்தில் நோயாளிகளைத் தூக்கி நிமிர்த்துவது போல. பிறகு போய்ப் பெரியம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

ஊரில் ஒருவரும் 'போறன்' என்று சொல்லிவிட்டுப் புறப்படுவதில்லை. சாவீட்டில் மட்டும்தான் சொல்லாமல் போவது. மற்ற எங்கேயும் 'போட்டு வாறன்' என்போம். நிற்பவர் 'போட்டு வாரும்' என்பார். கடைக்குப் போனாலும் அப்படித்தான், கடல் கடந்து போனாலும் அப்படித்தான்.

"போட்டு வாறன், மச்சாள்" என்றேன்.

பரமேஸ்வரி என் முகத்தைப் பார்த்தா. கோபம் எதுவும் இருக்கவில்லை. களைத்துப்போய் இருந்தா.

"ம். போம்" என்றா.

படகுக்குள் இறங்கி, துறையைப் பார்த்தபடி இருந்தேன். கயிற்றை அவிழ்க்க நேரம் எடுத்தது. மற்றச் சொல்லையும் சொல்லுவா என்று அது வரைக்கும் காத்துக்கொண்டிருந்தேன்.